ஹூஸ்டனில் வெடித்த குழாய் வின்னிபெக்கில் ஏன் வெடிக்கவில்லை?

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் ஜனவரி மாதத் தொலைபேசிப் பேச்சு பெரும்பாலும் குளிரில்தான் தொடங்கும். "இன்றைக்கு மைனஸ் முப்பது" என்று கனடாவிலிருந்து மகள் சொன்னதும், இங்கே கேட்டுக்கொண்டிருப்பவருக்கு ஒரு சந்தேகம் எழும். நம் வீட்டு ஃப்ரீசரே மைனஸ் 18 டிகிரிதான். அதைவிடக் குளிர்ந்த ஊரில் குழாயைத் திறந்தால் தண்ணீர் எப்படி வருகிறது? இரவெல்லாம் வாசலில் நின்ற கார் காலையில் எப்படிக் கிளம்புகிறது?

இரண்டு ஊர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்தச் சந்தேகம் இன்னும் கூர்மையாகும். கனடாவின் மானிடோபா மாகாணத் தலைநகரான வின்னிபெக்கில் ஜனவரி இரவுகள் சராசரியாகவே மைனஸ் 20 டிகிரிக்குக் கீழே இறங்கும். மைனஸ் 30 வந்தாலும் பள்ளிக்கூடம் நடக்கும், சமையலறைக் குழாயில் நீர் வரும். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் உள்ள ஹூஸ்டன் வெயிலும் புழுக்கமும் பழகிய நகரம். 2021 பிப்ரவரி 16ஆம் தேதி காலை அங்கே வெப்பநிலை ஏறக்குறைய மைனஸ் 10.5 டிகிரிக்கு இறங்கியது. வின்னிபெக் மக்கள் இதமான நாள் என்று சொல்லக்கூடிய அளவு அது. ஆனால் அந்த வாரத்தில் டெக்சஸ் முழுவதும் ஏராளமான வீடுகளில் குழாய்கள் வெடித்தன. உட்கூரைப் பலகைகள் நீரில் ஊறிப் பெயர்ந்து கட்டில் மீதும் சோஃபா மீதும் விழுந்தன.

மைனஸ் 30ஐத் தாங்கும் குழாய் ஓர் ஊரில். மைனஸ் 10ஐத் தாங்காத குழாய் இன்னோர் ஊரில். இரண்டும் ஒரே செம்புதான், உள்ளே ஓடுவதும் அதே நீர்தான். வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால், கடுங்குளிருக்கு ஒரு வீட்டையும் காரையும் எப்படித் தயார்ப்படுத்த வேண்டும் என்பதும் தானாக விளங்கிவிடும்.

உறையும் நீருக்கு இடம் வேண்டும்

பெரும்பாலான திரவங்கள் உறையும்போது சுருங்கும். நீர் விரியும். 4 டிகிரி வரை குளிரக் குளிரச் சுருங்கிவரும் நீர், அதற்குக் கீழே மெல்ல விரியத் தொடங்கி, பனிக்கட்டியாகும் கணத்தில் ஏறக்குறைய 9 விழுக்காடு பெருத்துவிடுகிறது. திரவமாக இருக்கும்போது நீர் மூலக்கூறுகள் நெருக்கியடித்து நகர்ந்துகொண்டிருக்கும். உறையும்போது ஒவ்வொரு மூலக்கூறும் தன்னைச் சுற்றி நான்கு மூலக்கூறுகளை மட்டும் குறிப்பிட்ட கோணத்தில் பிடித்து நிற்கும். அந்த ஒழுங்கான அமைப்பில் நடுவே வெற்றிடம் மிகுதி. அதனால்தான் பனிக்கட்டி நீரில் மிதக்கிறது. ஃப்ரீசரில் மறந்து வைத்த கண்ணாடி பாட்டிலும் உடைகிறது.

இதுவரை நம்மில் பலருக்கும் தெரியும். குழாய் வெடிப்பதற்கும் இதுவே போதுமான விளக்கம் என்றுதான் தோன்றும்: பனிக்கட்டி பெருத்தது, குழாய்ச் சுவரை நெருக்கியது, சுவர் கிழிந்தது. ஆனால் வெடித்த குழாய்களை ஆராய்ந்தவர்கள் விந்தையான ஒன்றைக் கண்டார்கள். பல வீடுகளில் பனி அடைத்த இடம் ஒன்றாகவும் குழாய் கிழிந்த இடம் வேறாகவும் இருந்தன. கிழிந்த இடத்தில் சில சமயம் பனிக்கட்டியே இல்லை.

அடைப்பு ஓரிடம், வெடிப்பு வேறிடம்

இந்தப் புதிருக்கான முதல் துப்பு, குளிருக்குப் பேர்போன எட்மன்டன் நகரிலிருந்து வந்தது. அங்குள்ள ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஆர். ஆர். கில்பின் 1970களில் குழாய்க்குள் அசையாமல் நிற்கும் நீர் எப்படி உறைகிறது என்று ஆராய்ந்தார். அப்படிப்பட்ட நீர் 0 டிகிரியைத் தொட்டவுடன் உறைவதில்லை. மைனஸ் 4, மைனஸ் 5 டிகிரி வரைகூடத் திரவமாகவே இறங்கிச் செல்லும். இதை மீக்குளிர்வு என்போம். பிறகு எங்கோ ஒரு புள்ளியில் முதல் படிகம் பிறந்ததும், இலை நரம்புபோல் கிளைவிட்ட பனித்தகடுகள் குழாயின் குறுக்கே பாய்ந்து பரவும். அப்போது மொத்த நீரில் ஏறக்குறைய 6 விழுக்காடுதான் பனியாகியிருக்கும். ஆனால் அந்த மெல்லிய வலையே நீரோட்டத்தைத் தடுக்கப் போதும். அதன் பிறகு பனி மெதுவாக, சுவரிலிருந்து உள்நோக்கி இறுகி, ஒரு முழு அடைப்பாகிறது.

இரண்டாவது துப்பு இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. 1990களில் அங்குள்ள கட்டட ஆய்வாளர்கள் குழாய்களைக் குளிரில் உறையவிட்டு, உள்ளே அழுத்தம் எப்படி ஏறுகிறது என்று அளந்தார்கள். அடைப்பு வளரும்போது அது நீரை இரு பக்கமும் தள்ளுகிறது. தெருக் குழாயின் பக்கம் தள்ளப்பட்ட நீர் வந்த வழியே பின்வாங்கிக்கொள்ளும். மூடிய குழாய்த் திருகின் பக்கம் தள்ளப்பட்ட நீருக்குப் போக்கிடம் இல்லை. ஒரு முனையில் பனி, மறுமுனையில் மூடிய திருகு. நடுவில் சிக்கிய நீரின் அழுத்தம்தான் குழாயைக் கிழிக்கிறது.

ஒரு மேசைக்கரண்டிக் கணக்கு

இதை ஓர் எளிய கணக்காகவே போட்டுப் பார்த்துவிடலாம். அரை அங்குலச் செம்புக் குழாய் ஒன்று. ஒரு மீட்டர் நீளத்தில் ஏறக்குறைய 150 மில்லிலிட்டர் நீர் பிடிக்கும். ஹூஸ்டன் வீட்டின் பரணில் ஓரிடத்தில் அடைப்பு விழுந்துவிட்டது. அங்கிருந்து சமையலறைத் திருகு வரை 6 மீட்டர் குழாய். திருகு மூடியிருக்கிறது. ஆக, சிக்கியிருப்பது 900 மில்லிலிட்டர் நீர்.

இரவு ஏற ஏற அடைப்பு திருகை நோக்கி ஒரு மீட்டர் நீள்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த மீட்டரில் இருந்த 150 மில்லிலிட்டர் நீர் பனியாகி 9 விழுக்காடு விரிகிறது. கூடுதலாகத் தேவைப்படும் இடம் 13.5 மில்லிலிட்டர். அந்த இடத்தை மிச்சமிருக்கும் 750 மில்லிலிட்டர் நீர்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். அதாவது அது தன் கன அளவில் 1.8 விழுக்காடு சுருங்க வேண்டும்.

நீர் அவ்வளவு எளிதில் சுருங்காது. 1 விழுக்காடு சுருக்கவே நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப்போல் 200 மடங்குக்கும் மேல் வேண்டும். 1.8 விழுக்காட்டுக்கு ஏறக்குறைய 400 மடங்கு. வீட்டுக் குழாயில் வழக்கமாக இருப்பதோ 3 முதல் 5 மடங்கு அழுத்தம். செம்பு சற்று உப்பிக்கொடுக்கும் என்பதால் உண்மையில் அழுத்தம் 400ஐ எட்டுமுன் நின்றுவிடலாம். ஆனால் உப்புவதற்கும் எல்லை உண்டு. மிக மெலிந்த இடத்தில், அல்லது மூட்டில், குழாய் நீளவாக்கில் மீன் வாய் திறந்ததுபோல் கிழிகிறது.

இப்போது அதே கணக்கை மறுபடியும் போடுங்கள். இந்த முறை திருகு சற்றே திறந்திருக்கிறது, நீர் துளித்துளியாகச் சொட்டுகிறது. அடைப்பு அதே ஒரு மீட்டர் வளர்கிறது. அது தள்ளும் 13.5 மில்லிலிட்டர் நீர் திருகு வழியே வெளியேறிவிடுகிறது. அழுத்தம் ஏறவே இல்லை. ஒரு மேசைக்கரண்டி 15 மில்லிலிட்டர். ஒரு மேசைக்கரண்டிக்கும் குறைவான நீருக்கு வழிவிட்டிருந்தால் அந்தக் குழாய் தப்பியிருக்கும். குளிர் நாடுகளில் திருகைச் சொட்ட விடுங்கள் என்று பெரியவர்கள் சொல்வதன் பொருள் இதுதான்.

இந்தக் கணக்கு இன்னொன்றையும் விளக்குகிறது. குழாய் கிழிந்த அந்த இரவில் பெரும்பாலும் யாருக்கும் எதுவும் தெரியாது. பனி அடைப்பே தெருநீரைத் தடுத்து நிற்கும். வெயில் வந்து அடைப்பு உருகும்போதுதான் கிழிசல் வழியே நீர் கொட்டும். ஹூஸ்டனில் குளிர் தணிந்து மக்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்ட நேரத்தில்தான் பல வீடுகளில் உட்கூரை இடிந்தது. திருகைத் திறந்தும் நீர் வராவிட்டால், முதல் வேலையாக வீட்டின் முதன்மை வால்வை மூட வேண்டும் என்பது இதனால்தான்.

குழாய் ஓடும் பாதை

நம் புதிருக்கு இப்போது விடை சொல்லலாம். வின்னிபெக்கில் தெருக் குழாய்கள் மண்ணுக்குள் 2.4 மீட்டர் ஆழத்தை ஒட்டி ஓடுகின்றன. அங்கிருந்து இணைப்புக் குழாய் நேராக வீட்டின் நிலவறைக்குள் நுழைகிறது. நிலவறையில் வீட்டைச் சூடேற்றும் எரிவாயு ஃபர்னஸ் ஓடிக்கொண்டிருக்கும். பிறகு குழாய்கள் வீட்டின் உட்சுவர்கள் வழியே மேலேறும். வெளிச்சுவருக்குள் குழாய் வைப்பதை அங்கே தவிர்ப்பார்கள். வெளியே மைனஸ் 30 என்றாலும் குழாய் இருக்கும் இடத்தில் 15, 20 டிகிரி. அந்தக் குழாய்க்குக் குளிர்காலமே கிடையாது.

ஹூஸ்டனில் பெரும்பாலான வீடுகளுக்கு நிலவறை இல்லை. தரையில் பரப்பிய கான்கிரீட் தளத்தின் மேல் நேரடியாக எழுந்தவை. கூரைக்கும் உட்கூரைக்கும் இடையிலுள்ள பரண் வழியாகவே பல வீடுகளில் குழாய்கள் ஓடுகின்றன. அங்கே வெப்பக்காப்பு, அதாவது வெப்பம் கடக்காமல் தடுக்கும் கண்ணாடி இழை மெத்தை, பரணின் தரையில் விரிக்கப்பட்டிருக்கும். கோடைக்கு ஏற்ற ஏற்பாடு அது. ஆனால் அந்த மெத்தைக்கு மேலே ஓடும் குழாய் வீட்டின் வெப்பத்திலிருந்து துண்டிக்கப்பட்டு, வெளிக்காற்றின் பக்கம் தள்ளப்பட்டுவிட்டது. அத்தோடு அந்த வாரம் மின்சாரமும் நின்றது. சூடேற்ற வழியில்லாமல் வீடுகளே குளிர்ந்தன.

காப்பில்லாத குழாய்களுக்கு வெளி வெப்பநிலை மைனஸ் 7ஐ நெருங்கும்போதே ஆபத்து தொடங்குகிறது என்பது இல்லினாய்ஸ் ஆய்வின் முடிவு. ஹூஸ்டன் அந்த எல்லையைத் தாண்டியிருந்தது.

வின்னிபெக்கும் தோற்றதுண்டு. 2014இல் குளிர் நீண்டு, உறைபனி வழக்கத்தைவிட ஆழமாக மண்ணுக்குள் இறங்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளின் இணைப்புக் குழாய்கள் நிலத்தடியிலேயே உறைந்தன. மண் வழியே குளிர் இறங்க வாரக்கணக்கில் ஆகும். அதனால் மேலே வெயில் திரும்பிய பிறகும் கீழே குழாய்கள் உறைந்துகொண்டிருந்தன. ஆபத்திலிருந்த வீட்டாரிடம், திருகில் பென்சில் தடிமனுக்கு நீரை இரவும் பகலும் ஓடவிடும்படி நகராட்சி கேட்டுக்கொண்டது. இங்கே தேவைப்பட்டது அழுத்தத் தணிப்பு மட்டுமல்ல. ஆழத்துப் பெருங்குழாயிலிருந்து வரும் சற்றே வெதுவெதுப்பான நீர் இணைப்புக் குழாய்க்குள் ஓயாமல் வெப்பத்தைக் கொண்டுவர வேண்டியிருந்தது.

வீட்டைத் தயார்ப்படுத்துதல்

குளிர் நாடுகளில் இதற்கான மாதம் அக்டோபர். முதல் வேலை வீட்டுக்கு வெளியே, தோட்டத்துக் குழாயில். ரப்பர் குழாயைக் கழற்றிவிட்டு, உள்ளேயிருக்கும் வால்வை மூடி, வெளித்திருகைத் திறந்தே விடுவார்கள். அந்தத் துண்டுக் குழாயில் நீரே இல்லையென்றால் உறைய எதுவும் இல்லை.

அடுத்து இடுக்குகள். கதவின் அடி, ஜன்னல் விளிம்பு, கேபிள் நுழையும் துளை ஆகியவற்றில் ரப்பர் பட்டையோ அடைப்புப் பசையோ வைப்பார்கள். வீட்டுக்குள் சூடான காற்று மேலேறி மாடி இடுக்குகள் வழியே வெளியேறும். ஈடுகட்ட, வெளிக்காற்று கீழே உள்ள இடுக்குகள் வழியே உள்ளே உறிஞ்சப்படும். அந்த வழியில் ஒரு குழாய் இருந்துவிட்டால், வீடு முழுவதும் இதமாக இருக்கும்போதே அந்தக் குழாய் மட்டும் உறையும்.

வானொலியில் "மைனஸ் 30, காற்றோடு மைனஸ் 42" என்று சொல்வார்கள். இரண்டாவது எண் நம் தோல் வெப்பத்தை இழக்கும் வேகத்தைக் காட்டுவது. காற்று எவ்வளவு வீசினாலும் குழாயும் காரும் மைனஸ் 30க்குக் கீழே போகா. ஆனால் அந்த நிலையை விரைவில் எட்டிவிடும். இடுக்கை அடைப்பதன் அருமை இங்கேதான்.

பாத்திரம் கழுவும் தொட்டி வெளிச்சுவரை ஒட்டியிருந்தால், கடுங்குளிர் இரவில் அதன் கீழ் அலமாரிக் கதவைத் திறந்து வைப்பது செலவில்லாத காப்பு. அறையின் வெப்பம் குழாயை எட்டும். ஃபர்னஸின் காற்று வடிகட்டியை மாற்றுவதும், சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அதன் புகைப்போக்கியைப் பனி மூடாமல் பார்ப்பதும் குளிர்காலம் முழுவதும் தொடர வேண்டியவை. முதன்மை வால்வு எங்கே இருக்கிறது என்று வீட்டில் உள்ள எல்லோருக்கும் காட்டி, ஒருமுறை மூடித் திறந்தும் பார்க்க வேண்டும்.

ஊரே திருகைத் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் ஹூஸ்டன் காட்டியது. கிழிந்த குழாய்களின் ஒழுக்கும் ஓடவிட்ட திருகுகளும் சேர்ந்து நகரின் நீரழுத்தத்தைக் குறைத்தன. குடிநீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கும்படி அறிவிக்க வேண்டி வந்தது. ஆகவே துளி விடலாம், தாரை வேண்டாம். வீட்டில் வெப்பமே இல்லையென்றால், முதன்மை வால்வை மூடி, எல்லாத் திருகுகளையும் திறந்து குழாயை வடித்துவிடுவதே சிறந்தது.

காரின் காலைநேரச் சிக்கல்

காரில் குளிர் இரண்டு பக்கமிருந்து நெருக்குகிறது. பேட்டரி வேதிவினையால் மின்சாரம் தருவது. குளிரில் வேதிவினை தளர்கிறது. மைனஸ் 18இல் ஈய அமில பேட்டரியின் திறன் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதே நேரம் என்ஜின் ஆயில் கெட்டிப்பட்டு, என்ஜினைச் சுழற்ற வழக்கத்தைவிட அதிக விசை கேட்கிறது. கொடுப்பவர் தளர்ந்த நேரத்தில் கேட்பவரின் தேவை கூடுகிறது. நான்கைந்து வயதான பேட்டரி கோடையில் ஒழுங்காக வேலை செய்து, முதல் கடுங்குளிரில் கைவிடுவது இதனால்தான். மின்னேற்றம் தீர்ந்த பேட்டரிக்கு இன்னோர் ஆபத்து: உள்ளே அமிலம் நீர்த்துப்போயிருக்கும், அது மைனஸ் 10ஐ ஒட்டியே உறைந்து பெட்டியை விரிசலிட வைக்கும். முழு மின்னேற்றம் உள்ள பேட்டரி மைனஸ் 50இலும் உறையாது.

வின்னிபெக்கில் வாகன நிறுத்துமிடங்களில் மின்செருகிகள் வரிசையாக நிற்பதையும், பெட்ரோல் கார்களின் முன்பக்கத்திலிருந்து மின்கம்பி தொங்குவதையும் பார்க்கலாம். அது என்ஜினுக்கான சூடேற்றி. எல்லைக்கு அப்பால், அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவிலுள்ள கிராண்ட் ஃபோர்க்ஸ் ஊரைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன் 1949இல் இத்தகைய கருவிக்குக் காப்புரிமை பெற்றார். என்ஜினின் மேல்பகுதியைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் ஒன்றைக் கழற்றிவிட்டு, அங்கே சூடேற்றும் கம்பி உள்ள போல்ட்டைப் பொருத்தினார். இன்றைய சூடேற்றிகளுக்குக் கிளம்புவதற்கு முன் மூன்று நான்கு மணி நேரம் போதும். டைமர் வைத்துவிட்டால் இரவெல்லாம் மின்சாரம் வீணாகாது.

ரேடியேட்டரில் ஊற்றும் உறைதடுப்பான் திரவத்தில் ஒரு வியப்பு உண்டு. எத்திலீன் கிளைகால் தனியாக இருந்தால் மைனஸ் 13இலேயே உறைந்துவிடும். நீர் 0வில் உறையும். இரண்டையும் சமபாதி கலந்தால் ஏறக்குறைய மைனஸ் 37 வரை திரவமாகவே இருக்கும். நீர் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கி நிற்க முயலும்போது கிளைகால் நடுவே புகுந்து கெடுக்கிறது. கிளைகாலுக்கு நீரும் அதையே செய்கிறது. ஆகவே கலக்காமல் ஊற்றினால் காப்பு கூடாது, குறையும்.

டயரையும் மறக்கக் கூடாது. 20 டிகிரியில் 30 பிஎஸ்ஐ காற்று அடித்த டயர், மைனஸ் 30இல் 23க்கும் கீழே இறங்கிவிடும். சாதாரண டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்குவதால் பிடிப்பும் குறையும். கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம்.

வெப்பம் நின்றுபோனால்

டெக்சஸில் அந்த வாரம் 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இருளில் மூழ்கின. குளிர் தாங்காமல் பலர் மூடிய கராஜில் காரை ஓடவிட்டு அதற்குள் அமர்ந்தார்கள். சிலர் கரி அடுப்பை அறைக்குள் கொண்டுவந்தார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தச் சிவப்பணுக்களில் ஆக்சிஜன் அமர வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்த நச்சால் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்தார்கள். குழந்தைகள் உட்படப் பலர் இறந்தார்கள். கரி அடுப்பு, ஜெனரேட்டர், கார் எதையும் வீட்டுக்குள்ளோ கராஜிலோ எரியவிடக் கூடாது. பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒவ்வொரு மாடியிலும் வேண்டும்.

உதவி வரும்வரை 72 மணி நேரம் சமாளிக்கத் தேவையானவற்றை வீட்டில் வைத்திருக்கும்படி கனடா அரசு மக்களிடம் சொல்கிறது: குடிநீர், சமைக்காமல் உண்ணக்கூடிய உணவு, மருந்து, டார்ச், பேட்டரி வானொலி. மின்சாரம் நின்றதும் எல்லோரும் ஒரே அறையில் கூடி, கதவிடுக்கில் துணியைச் செருகிவிட்டால், ஒவ்வொருவர் உடலும் தரும் வெப்பம் அந்த அறையிலேயே தங்கும்.

காரில் போர்வை, மண்வாரி, ஒரு பை மணல் இருக்க வேண்டும். கடுங்குளிரில் சாலை உப்பு பயன்தராது. சக்கரத்துக்குப் பிடிப்புத் தருவது மணல்தான். டேங்க் எப்போதும் பாதிக்கு மேல் நிரம்பியிருக்கட்டும். பனிப்புயலில் சிக்கிக்கொண்டால் காரை விட்டு இறங்கி நடக்கக் கூடாது. முதலில் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றி, ஒரு ஜன்னலைச் சற்றே இறக்கி, மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் என்ஜினை ஓட்டிக் கதகதப்பாக்கிக்கொள்ள வேண்டும்.

யாருக்குத் தயாரிப்பு அதிகம் தேவை?

டெக்சஸில் குழாய்கள் மட்டும் உறையவில்லை. எரிவாயுக் கிணறுகளின் முகப்பிலும் மின்நிலையங்களின் கருவிகளிலும் நீர் உறைந்து, வாயுவும் மின்சாரமும் ஒன்றையொன்று கீழே இழுத்தன. அரசுக் கணக்கின்படி 246 பேர் இறந்தார்கள். மின்நிலையங்களைக் குளிருக்குத் தயார்ப்படுத்துவதைக் கட்டாயமாக்கும் சட்டம் அதே ஆண்டு அங்கே நிறைவேறியது.

வின்னிபெக்கில் குளிர் ஆண்டுதோறும் வருகிறது. அதனால் தயாரிப்பு அங்கே சுவரிலும் மண்ணிலும் பழக்கத்திலும் ஏறிவிட்டது. எப்போதோ ஒருமுறை குளிர் வரும் ஊரில் அது வீட்டோடு வருவதில்லை; மனிதர்கள் நினைவில் வைத்துச் செய்ய வேண்டியிருக்கிறது. ஆகவே இதை மிக அக்கறையோடு கற்க வேண்டியவர்கள் மிதமான குளிர் உள்ள ஊர்களில் குடியிருப்பவர்களே. அவர்கள் குளிருக்கு முன் ஒரு நாள் செலவிட்டு மூன்று கேள்விகளுக்கு விடை கண்டால் போதும். என் வீட்டில் நீர் எந்த வழியாக ஓடுகிறது? வெப்பம் எந்த வழியாகத் தப்புகிறது? முதன்மை வால்வு எங்கே? இந்த மூன்றும் தெரிந்த குடும்பம் வானிலை எச்சரிக்கை வந்த மாலையில் என்ன செய்வதென்று திகைக்காது.